கவலையை இறக்கி வைக்கும் தாழ்மை: புதிய விசுவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

விசுவாசத்துக்குள் புதிதாக வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: "தாழ்மையாயிருங்கள், கர்த்தரை நம்புங்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறோம். சரி, திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது அதற்காக நான் என்ன செய்ய வேண்டும்?" இந்தக் கேள்விக்கு "ஜெபியுங்கள்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. எதை, எப்போது, எப்படி என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இது. எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் நான் வருடக்கணக்கில் தடுமாறியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேதபகுதியை நன்றாகப் பார்த்துவிடுவோம். 1 பேதுரு 5:6 சொல்கிறது: "ஆகையால், ஏற்றகாலத்திலே தேவன் உங்களை உயர்த்தும்படிக்கு, அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்." அடுத்த வசனம்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." தமிழில் இவை இரண்டு வாக்கியங்கள். அதனால் முதலாவதைத் தாழ்மைக்கும் இரண்டாவதைக் கவலைக்கும் என்று பிரித்து மனப்பாடம் செய்துவிடுகிறோம். கிரேக்க மூலத்தில் இரண்டும் ஒரே வாக்கியம். "அடங்கியிருங்கள்" என்பதுதான் முக்கிய வினை. "வைத்துவிடுங்கள்" என்று நாம் படிப்பது, நம் இலக்கணத்தில் சொன்னால், வினையெச்சம் போல அதோடு ஒட்டி நிற்கிறது. "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்து, அவருடைய கைக்குள் அடங்கியிருங்கள்" என்று படித்துப் பாருங்கள். தாழ்மை எப்படி இருக்கும் என்பதற்குப் பேதுரு தரும் முதல் அடையாளமே கவலையை இறக்கி வைப்பதுதான்.

இதை நான் புரிந்துகொண்ட நாளில் எனக்குள் பெரிய மாற்றம் வந்தது. கவலைப்படுவது என் பலவீனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் நானே தாங்க வேண்டும், நான் யோசிக்காவிட்டால் எதுவும் நடக்காது என்ற எண்ணம் அந்தக் கவலைக்குள் ஒளிந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். நம்பிக்கை வளராத இடத்தில் பெரும்பாலும் இந்தப் பெருமைதான் வேரில் இருக்கிறது. கீழே சொல்லப்போகிற படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன.

தொடங்கும் முன், இரண்டு சொற்கள்

தாழ்மை என்றவுடன் பலர் தங்களை மட்டம் தட்டிக்கொள்ளத் தொடங்குகிறார்கள். நன்றாகப் பாடியவரிடம் "அருமையாய்ப் பாடினீர்கள்" என்றால், "ஐயோ, எனக்கு ஒன்றும் தெரியாது" என்கிறார். அது உண்மையில்லை, அவருக்குப் பாடத் தெரியும். ரோமர் 12:3இல் பவுல் கேட்பது, தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல் தெளிந்த எண்ணத்தோடு இருப்பதை. இருப்பதை இருக்கிறபடி பார்ப்பதற்குத்தான் தெளிவு என்று பெயர். "நன்றி. பாடுவதற்குக் கிடைத்த வாய்ப்புக்காகச் சந்தோஷப்படுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில் நிறையத் தாழ்மை இருக்கிறது. 1 கொரிந்தியர் 4:7இல் உள்ள கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" திறமையை மறுக்க வேண்டாம், அது எங்கிருந்து வந்தது என்பதை மறக்காமலிருந்தால் போதும்.

நம்பிக்கை என்ற சொல்லுக்கு நீதிமொழிகள் 3:5 ஒரு நல்ல படம் தருகிறது: "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல், உன் முழு இருதயத்தோடும் கர்த்தரில் நம்பிக்கையாயிரு." சாய்வது என்றால் உடம்பின் எடையை ஒன்றின்மேல் விடுவது. சுவர் பலமானது என்று ஒத்துக்கொள்வது ஒன்று, அதன்மேல் முதுகைச் சாய்ப்பது வேறொன்று. புத்தியைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்த வசனம் சொல்லவில்லை. நீதிமொழிகள் புத்தகம் முழுவதும் புத்தியைத் தேடச் சொல்கிறது. முழு எடையையும் அதன்மேல் விட வேண்டாம் என்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார், தாழ்மையுள்ளவர்களுக்குக் கிருபை அளிக்கிறார் என்று பேதுருவும் யாக்கோபும் எழுதுகிறார்களே, அது இதே நீதிமொழிகள் 3ஆம் அதிகாரத்தின் 34ஆம் வசனத்திலிருந்து எடுத்தது. சாய்தலும் தாழ்தலும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன.

முதல் படி: கவலைக்குப் பெயர் வையுங்கள்

இதுதான் அடிப்படை. மற்றவற்றை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கைபேசியைத் திறப்பதற்கு முன்பு பத்து நிமிடம் போதும். அன்றைக்கு உங்கள் மனதை அழுத்தும் ஒரு காரியத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "என் எதிர்காலம்" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது, அது புகைமூட்டம் போன்றது, அதைத் தூக்கி யாரிடமும் கொடுக்க முடியாது. "வெள்ளிக்கிழமை நேர்காணலில் என்னை எடுக்காவிட்டால் அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வேன் என்று பயமாயிருக்கிறது" என்று எழுதுங்கள். எழுதி முடிக்கும்போதே அதற்கு ஒரு வடிவம் வந்துவிடும். பல நேரம் நாம் பயந்தது வேறு, உண்மையான பயம் வேறு என்பதும் தெரிந்துவிடும்.

அதன் கீழே ஒரு கோடு போட்டு இரண்டு பகுதியாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் "என் பங்கு", மறு பக்கம் "அவர் பங்கு". நேர்காணலுக்குத் தயார் செய்வது, நேரத்துக்குப் போவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது உங்கள் பங்கு. அவர்கள் மனதில் என்ன தோன்றும், வேறு யார் வருவார்கள், முடிவு என்ன ஆகும் என்பதெல்லாம் மறு பக்கம். இந்தப் பிரிவினை நான் கண்டுபிடித்தது கிடையாது. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, கட்டும்போது எதிரிகள் சதி செய்தபோது நெகேமியா என்ன செய்தார் என்று நெகேமியா 4:9இல் இருக்கிறது: தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில். ஜெபித்தோமே, காவல் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. காவல் வைத்தோமே, ஜெபம் எதற்கு என்றும் கேட்கவில்லை.

பிறகு மறு பக்கத்தில் எழுதியவற்றை வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். அலங்காரமான வார்த்தைகள் வேண்டாம். "ஆண்டவரே, இது என் கையில் இல்லை. என் கையில் இருப்பதுபோல் நேற்று முழுவதும் தூக்கிக்கொண்டு அலைந்தேன். இதை உம்மேல் வைக்கிறேன்" என்ற அளவு போதும். "வைத்துவிடுங்கள்" என்று பேதுரு பயன்படுத்தும் வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: லூக்கா 19:35இல், சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போட்டார்கள் என்ற இடத்தில். தோளிலிருந்து கழற்றி இன்னொன்றின்மேல் போடுவது! போட்ட பிறகு அதைச் சுமப்பது கழுதைக்குட்டிதான், சீஷர்கள் வெறுந்தோளோடு நடந்தார்கள்.

கடைசியாக, நன்றி ஒன்று எழுதுங்கள். பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களை "ஸ்தோத்திரத்தோடே கூடிய" ஜெபமாகத் தெரியப்படுத்தச் சொல்கிறது. நேற்று நடந்த ஒரு நல்ல காரியம், எவ்வளவு சிறியதானாலும் பரவாயில்லை.

இப்போது நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்கு இறக்கி வைத்த கவலை பதினொரு மணிக்குத் திரும்பி வந்து தோளில் உட்காரும். அப்படி வந்தால் உங்கள் விசுவாசம் பொய் என்று அர்த்தமில்லை. வரும்போதெல்லாம் "இதைக் காலையிலேயே கொடுத்தாயிற்று, மறுபடியும் கொடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒரே நாளில் இருபது முறை சொல்ல வேண்டி வந்தால் இருபது முறையும் சொல்லுங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா அன்றன்றைக்குத்தான் கொடுக்கப்பட்டது. மறுநாளுக்கென்று மீதி வைத்தவர்களுக்கு அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது (யாத்திராகமம் 16:20). ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாய்க் கிடைத்தது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்திலும் ஆகாரத்தை "இன்று" தாரும் என்றுதான் இருக்கிறது. இன்றைய நம்பிக்கை இன்றைக்கு. அடுத்த வருடத்துக்கான நம்பிக்கை இப்போது உங்களிடம் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: நாளையைப் பற்றிப் பேசும் விதம்

இது சின்னப் பழக்கம். யாக்கோபு 4:13-15இல் "இன்ன பட்டணத்துக்குப் போய், ஒரு வருஷம் தங்கி, வியாபாரம் செய்து சம்பாதிப்போம்" என்று பேசுகிறவர்களை யாக்கோபு நிறுத்துகிறார். திட்டம் போட்டதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்ற சொல் அந்தத் திட்டத்தில் இல்லை என்பதுதான் குறை. ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைச் சேர்த்துப் பேசினால் கேட்கிறவர்களுக்கு அலுத்துவிடும், நமக்கும் அது வெறும் வாய்ப்பழக்கமாகிவிடும். திட்டத்தை எழுதும்போது, மாறினாலும் சரி என்ற மனதோடு எழுதுங்கள். மாறும்போது யார்மேல் கோபம் வருகிறது என்று கவனியுங்கள்.

மூன்றாம் படி: தெரியாது என்று சொல்லவும், உதவி வாங்கவும் பழகுங்கள்

உதவி செய்வது நம்மில் பலருக்கு எளிது. உதவி வாங்குவதுதான் கஷ்டம். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியபோது "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று மறுத்தவர் பேதுரு (யோவான் 13:8). கேட்பதற்குப் பெரிய தாழ்மைபோல் இருக்கிறது. இயேசு அதை ஏற்றுக்கொள்ளவில்லை, "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்றார். பெற்றுக்கொள்ள மறுப்பதும் மேட்டிமைதான். பிற்காலத்தில் இதே பேதுருதான் "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்று எழுதினார் (1 பேதுரு 5:5). அங்கே வரும் கிரேக்கச் சொல் "முடிச்சு" என்பதிலிருந்து பிறந்தது. ஒரு துணியைக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொள்ளும் செயல் அதில் தெரிகிறது. இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு தன் முன்னால் குனிந்த இயேசுவை அவர் மறந்திருப்பாரா என்ன?

மோசேயைப் பாருங்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளை எல்லாம் தீர்த்துக்கொண்டிருந்தார். மாமனார் எத்திரோ வந்து, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீர் தொய்ந்துபோவீர்" என்று சொல்லி, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார் (யாத்திராகமம் 18). தேவனோடு பேசிய மனிதர், தேவனிடமிருந்து நேரடியாகக் கேட்டால்தான் ஏற்பேன் என்று சொல்லாமல், சொன்னபடியெல்லாம் செய்தார்.

பயிற்சி இதுதான். வாரத்துக்கு ஒரு முறையாவது ஒருவரிடம் உதவி கேளுங்கள். வேலையில் புரியாத ஒன்றை உங்களைவிட இளையவரிடம் கேட்கலாம். வேதத்தில் புரியாத பகுதியைச் சபையில் ஒரு மூத்த விசுவாசியிடம் கேட்கலாம். "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட "இந்தக் காரியத்தில் நான் விழுந்துகொண்டிருக்கிறேன், எனக்காக ஜெபியுங்கள்" என்று நம்பகமான ஒருவரிடம் சொல்வதற்கு அதிகத் தாழ்மை வேண்டும். யாக்கோபு 5:16 கேட்பது அதைத்தான். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்பதில் நிதானம் வேண்டும். கேட்டதைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறவரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

என்ன செய்வதென்றே தெரியாத நாட்களும் வரும். யூதாவின் ராஜாவாகிய யோசபாத் பெரிய சேனைக்கு எதிரே நின்று, தன் ஜனங்கள் அத்தனை பேர் முன்பாகவும் செய்த ஜெபம் 2 நாளாகமம் 20:12இல் இருக்கிறது. செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்குகின்றன என்கிறார். ஒரு ராஜா, பொதுமக்கள் முன்னால், "எனக்குத் தெரியவில்லை" என்கிறார்! அந்த ஜெபத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: திருத்தப்படும்போது

யாராவது நம் குறையைச் சொன்னால் உடனே உள்ளே ஒரு வழக்கறிஞர் எழுந்துவிடுகிறார். அவரை ஒரு நாளைக்கு உட்கார வையுங்கள். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்க்கிறேன்." அப்புறம் தனியாக உட்கார்ந்து, சொன்னவரின் தொனியை ஒதுக்கிவிட்டு, சொன்னதில் எவ்வளவு உண்மை என்று பாருங்கள். பத்தில் ஒரு பங்கு உண்மையாயிருந்தாலும் அந்த ஒரு பங்கு உங்களுக்கானது. மீதி ஒன்பதை விட்டுவிடலாம்.

குஷ்டரோகியாயிருந்த சீரியப் படைத்தலைவன் நாகமானுக்குத் தீர்க்கதரிசி எலிசா சொன்னது, யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணு என்ற எளிய காரியம். தன் ஊர் நதிகள் இதைவிட நல்லவை என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனைத் திருப்பியது அவனுடைய ஊழியக்காரர்கள் (2 இராஜாக்கள் 5:13). எலிசாவின் வீட்டுக்குப் போக வழி காட்டியதும் ஒரு சிறு பெண், சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டவள். அவன் குணமடைந்ததில் கீழே இருந்தவர்களின் பேச்சுக்குக் காது கொடுத்ததற்குப் பெரிய பங்கு உண்டு. நமக்குத் தேவையான வார்த்தை பல நேரம் நாம் மதிக்காத வாயிலிருந்து வருகிறது.

ஐந்தாம் படி: மன்னிப்புக் கேட்பது

எனக்கு இதுதான் அதிக நாள் பிடித்தது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நான் செய்ததற்கு நியாயம் சொல்லிவிட்டு வந்த நாட்கள் நிறைய.

வேதத்தில் இரண்டு ராஜாக்கள் "பாவஞ்செய்தேன்" என்று சொல்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அமலேக்கியரின் ஆடுமாடுகளையும் விடாமல் அழிக்கும்படி கர்த்தர் சொன்னதை மீறிய சவுல், 1 சாமுவேல் 15இல் முதலில், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். ஆடுகளின் சத்தம் கேட்கிறதே என்று தீர்க்கதரிசி சாமுவேல் கேட்டதும், ஜனங்கள்தான் அவற்றைத் தப்பவைத்தார்கள் என்கிறான். பிறகு பாவஞ்செய்தேன், ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறான். கடைசியில், பாவஞ்செய்தேன், ஆனாலும் மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான். 2 சாமுவேல் 12:13இல் தாவீது, தன் குற்றத்தை உணர்த்திய தீர்க்கதரிசி நாத்தானிடம் சொன்னது, "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்பது மட்டும். தாவீதின் குற்றம் சிறியதில்லை. ஆனால் அவன் தன் பேரைக் காப்பாற்ற முயலவில்லை.

தாழ்மையும் நம்பிக்கையும் ஒட்டி நிற்கும் இடம் இதுதான். சவுலுக்குத் தன் மரியாதையைத் தானே காப்பாற்ற வேண்டியிருந்தது. தாவீது அதைத் தேவனிடம் விட்டுவிட்டான். நான் மன்னிப்புக் கேட்டால் அவர்கள் என்னை என்ன நினைப்பார்கள் என்ற பயமும் 1 பேதுரு 5:7 சொல்லும் "கவலைகளையெல்லாம்" என்பதற்குள் அடங்கும்.

செய்யும் முறை: நேரில் போங்கள், முடியாவிட்டால் அழைத்துப் பேசுங்கள், குறுஞ்செய்தி கடைசி வழி. செய்ததை அதன் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: "நேற்று எல்லார் முன்னாலும் உங்களைக் கேலி செய்தேன். அது தவறு. என்னை மன்னியுங்கள்." "ஆனால்" என்ற சொல் வரக் கூடாது. "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்றும் சொல்லாதீர்கள், அதில் பழி மெதுவாக அவர் பக்கம் நகர்ந்துவிடுகிறது. நஷ்டம் ஏற்படுத்தியிருந்தால் ஈடுசெய்யுங்கள்; அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள் (லூக்கா 19:8). பிறகு, உடனே மன்னித்தாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு நேரம் வேண்டியிருக்கலாம். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்பாக வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொன்னார் இயேசு (மத்தேயு 5:23-24). எனவே ஞாயிறு ஆராதனைக்கு முந்தின நாள், "இந்த வாரம் யாரிடமாவது போக வேண்டியிருக்கிறதா" என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

ஆறாம் படி: பெயர் வராத வேலை ஒன்று

வாரத்தில் ஒன்று போதும். நாற்காலிகளை அடுக்குவது, பாத்திரம் கழுவுவது, யாரும் கவனிக்காத ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது. செய்துவிட்டு யாரிடமும் சொல்லாதீர்கள், சாட்சியாகக்கூடச் சொல்லாதீர்கள். அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா பார்த்தார் என்பதே போதும் என்று மனம் ஒத்துக்கொள்கிறதா என்பதைக் கவனிப்பதற்குத்தான் இந்தப் பயிற்சி.

பதில் வராதபோது

இதற்குப் படி எண் போட எனக்கு மனம் வரவில்லை. வரிசைப்படி வருகிற காரியம் இல்லை இது.

நீங்கள் நோட்டில் எழுதி ஒப்படைத்த சில காரியங்கள் நீங்கள் கேட்டபடி நடக்காது. வேலை கிடைக்காமல் போகலாம், நேசித்தவர் குணமாகாமல் போகலாம். உங்கள் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் என்று யாராவது சொன்னால், அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வார்த்தைதான் கிடைத்தது (2 கொரிந்தியர் 12:8-9). தானியேல் 3ஆம் அதிகாரத்தில் ராஜாவின் சிலையைப் பணியாததால் அக்கினிச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபர்கள் ராஜாவிடம், எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். அதோடு, அவர் விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்றார்கள். அந்த "விடுவிக்காமற்போனாலும்" என்ற சொல்லைச் சொல்லப் பழகுவதற்கு நமக்கு ஆயுள் முழுவதும் ஆகலாம்.

அதுவரை அழலாம், கேட்கலாம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். அந்தக் கேள்வியை அவரிடமே கொண்டுபோவது பெருமை ஆகாது. அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்பிவிடுவதுதான் ஆபத்து. நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை என்றிருக்கும் நாளில், நோயுற்ற பிள்ளையின் தகப்பன் இயேசுவிடம் சொன்னதைச் சொல்லுங்கள்: விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் (மாற்கு 9:24). இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

எங்கே கவனமாயிருக்க வேண்டும்

தாழ்மை என்ற பெயரில் அடி உதையையும் அவமானத்தையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறவர்கள் உண்டு. வீட்டிலோ சபையிலோ வேலையிடத்திலோ உங்களை யாராவது துன்புறுத்தினால், பாதுகாப்பான இடத்துக்குப் போவதும், வெளியே சொல்வதும், சட்டத்தின் உதவியை நாடுவதும் தாழ்மைக்கு விரோதமானவை இல்லை. பிரதான ஆசாரியனுக்கு முன்பாகத் தம்மை அறைந்தவனைப் பார்த்து, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று இயேசு கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பி பட்டணத்தில் விசாரணையில்லாமல் அடித்துவிட்டு இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்த அதிகாரிகளிடம், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துவிடட்டும் என்றார் பவுல் (அப்போஸ்தலர் 16:37). சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது தப்பி ஓடினான். பிறகு கைக்குக் கிடைத்த சவுலைக் கொல்லாமலும் விட்டான். தப்பி ஓடியதும் பழிவாங்காததும் ஒரே மனிதனின் செயல்கள்.

தாழ்மை எப்போதும் தனக்கு உண்டாக வேண்டியது. அடுத்தவரிடம் "உனக்குத் தாழ்மை இல்லை, அதனால் நான் சொல்வதைக் கேள்" என்று ஒருவர் சொன்னால், அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். அவர் எவ்வளவு பெரிய ஊழியராயிருந்தாலும் சரி.

நம்பிக்கை என்ற பெயரில் மருந்தை நிறுத்தவும் வேண்டாம். வியாதியாயிருந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுளில் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுப்பேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த அதே இடத்தில், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா (2 இராஜாக்கள் 20:7). தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக்குதியும் என்று பிசாசு சொன்னபோது, "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்ற வசனத்தால் இயேசு மறுத்துவிட்டார். சில நேரம் கவலை என்பது வெறும் கவலையாக இல்லாமல் நோயாகவே இருக்கும். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எழவே முடியவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றினால் மருத்துவரிடம் போங்கள். அதுவும் மேலே சொன்ன மூன்றாம் படிதான்.

இரவில்

படுக்கும் முன் 131ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மூன்றே வசனங்கள். "என் இருதயம் இறுமாப்புள்ளதல்ல" என்று தொடங்கி, எனக்கு மிஞ்சின கருமங்களில் தலையிடுகிறதில்லை என்று சொல்லி, பால் மறந்த குழந்தையைப்போல் என் ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்று போய், கர்த்தரை நம்பியிருப்பதாக என்று முடிகிறது. முதல் வசனம் தாழ்மை, கடைசி வசனம் நம்பிக்கை, நடுவில் ஒரு தாயும் குழந்தையும். பால் மறந்த குழந்தை என்பதைக் கவனியுங்கள். பால் குடிக்கிற குழந்தை தாயின் மடிக்கு வந்தாலே பாலுக்காகத் துழாவும். பால் மறந்த குழந்தைக்கு மடியே போதும்.

வாசித்த பிறகு காலையில் எழுதிய பக்கத்தைத் திறந்து, "என் பங்கு" என்ற பக்கத்தில் செய்ததற்கு ஒரு குறி போடுங்கள். செய்யாததை ஒளிக்காமல் சொல்லுங்கள். "அவர் பங்கு" என்ற பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு நோட்டை மூடுங்கள்.

எவ்வளவு வேகத்தில் போகலாம்

ஆறு படிகளையும் இந்த வாரமே தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் காலை நோட்டும் இரவுச் சங்கீதமும் மட்டும். மூன்றாவது வாரம் ஒருவரிடம் உதவி கேளுங்கள். திருத்தத்தை ஏற்பது உங்கள் கையில் இல்லை, அது தானாக வரும்போது பயிற்சி செய்யலாம். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவர் இப்போதே நினைவுக்கு வந்திருந்தால், அவருக்காக மட்டும் வரிசையை மீறலாம்.

நாட்கள் தவறும். பத்து நாள் எழுதாமல் விட்டுவிட்டு, குற்றவுணர்ச்சியில் நோட்டையே தொடாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படி இருந்தவன்தான். விட்டுப்போன பக்கங்களை நிரப்ப உட்கார வேண்டாம். இராமுழுவதும் வலை போட்டும் ஒன்றும் அகப்படாத பேதுரு, வலைகளை அலசி முடித்த பிறகு, "ஆகிலும் உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன்" என்றாரே (லூக்கா 5:5), அப்படி, அன்றைய தேதியைப் போட்டு, அன்றைக்கு மனதில் இருக்கும் ஒரு கவலையை ஒரே வாக்கியத்தில் எழுதித் தொடங்குங்கள்.